வெல்லப் போவது யார்? ரசிகரின் கணிப்பும் கணக்கின் கணிப்பும்

1940 நவம்பர் 17. அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் ரெட்ஸ்கின்ஸ் என்ற அணியும் சிகாகோ பேர்ஸ் என்ற அணியும் மோதின. வாஷிங்டன் 7, சிகாகோ 3. கடைசி நொடிகளில் தங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று சிகாகோ ஆட்டக்காரர்கள் நடுவரிடம் முறையிட்டார்கள். வாஷிங்டன் அணியின் உரிமையாளர் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல் அவர்களை அழுமூஞ்சிகள் என்று பத்திரிகைக்காரர்களிடம் கேலி செய்தார். மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 8 அன்று, அதே இரு அணிகளும் அதே மைதானத்தில் சாம்பியன் பட்டத்துக்காக மறுபடியும் எதிர்ப்பட்டன.

அன்று நீங்கள் வாஷிங்டன் ரசிகராக இருந்திருந்தால் என்ன கணித்திருப்பீர்கள்? போன தடவை நாலு புள்ளியில் ஜெயித்தோம், இந்தத் தடவையும் நெருக்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் வெற்றி நமக்கே என்றுதானே சொல்லியிருப்பீர்கள்? நியாயமான கணிப்புதான். ஆனால் சிகாகோ 73 புள்ளிகள் எடுத்தது. வாஷிங்டன் ஒன்றுமே எடுக்கவில்லை. அந்தத் தொழில்முறைப் போட்டிகளின் வரலாற்றில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சிகாகோவினர் ஒவ்வொரு முறையும் கம்பத்துக்கு மேலே உதைத்த பந்துகள் கூட்டத்துக்குள் போய் மறைந்துகொண்டே இருந்ததால், கைவசம் இருந்த பந்துகள் தீரும் நிலை வந்தது. இனி உதைக்க வேண்டாம் என்று நடுவர்களே கேட்டுக்கொண்டார்கள்!

ஒரே இரண்டு அணிகள், ஒரே மைதானம், இடையில் மூன்றே வாரம். முதலில் 7-3, பிறகு 0-73. இப்படிப்பட்ட விளையாட்டில் வெல்லப் போவது யார் என்று முன்கூட்டியே சொல்ல இலட்சக்கணக்கான ரசிகர்கள் ஆண்டுதோறும் முயல்கிறார்கள். அந்த முயற்சியின் கதை விளையாட்டைப் பற்றியது மட்டுமன்று. மனித மனத்தைப் பற்றியதும் ஆகும்.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் அறிந்த உருண்டைப் பந்தாட்டம் அல்ல. இது இரு முனையும் கூர்மையான பந்து. கையில் ஏந்தி ஓடுவார்கள், வீசுவார்கள், சில வேளைகளில்தான் உதைப்பார்கள். எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்த்தால் அது டச்டவுன், 6 புள்ளிகள். அதன்பின் ஓர் உதைக்கு இன்னொரு புள்ளி. எல்லையை எட்ட முடியாதபோது தொலைவிலிருந்தே இரு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 3 புள்ளிகள். இவ்வளவு தெரிந்தால் நமக்குப் போதும்.

1970இல் இரண்டு போட்டிக் கழகங்கள் ஒன்றாக இணைந்தபோது, அணிகளை அமெரிக்கன், நேஷனல் என்று இரு கான்பரன்ஸ்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கான்பரன்ஸிலும் கடைசியாக எஞ்சும் இரு அணிகள் ஜனவரியில் ஒரே ஓர் ஆட்டம் ஆடும். வென்றவை இரண்டும் சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்தில் சந்திக்கும். ஒரே ஓர் ஆட்டம் என்பதைக் கவனியுங்கள். அமெரிக்கக் கூடைப்பந்தில் ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்பவரே மேலே போக முடியும். ஒருநாள் சறுக்கலை மறுநாள் ஈடு செய்யலாம். இங்கே அந்த வசதி இல்லை.

பந்தயக்காரர்களுக்கு ஒரு பழைய தொல்லை இருந்தது. வலிய அணியும் மெலிந்த அணியும் மோதினால் எல்லோரும் வலிய அணி மீதே பணம் கட்டுவார்கள். இதற்கு மாற்றாக 1940களில் புள்ளி வித்தியாச முறை பரவியது. இதை வகுத்தவர் சிகாகோவைச் சேர்ந்த சார்லஸ் மக்நீல் என்று பொதுவாகக் கூறுவர். அவர் கணித ஆசிரியராக இருந்தவர். வலிய அணி வெறுமனே வென்றால் போதாது, குறித்த புள்ளிகளுக்கு மேல் வெல்ல வேண்டும் என்பதே அம்முறை. ஒரு பக்கம் பணம் அதிகமாகக் குவிந்தால் அந்த எண்ணை நகர்த்துவார்கள். ஆகவே ஆட்டம் தொடங்கும் வேளையில் நிற்கும் எண், பந்தயம் கட்டிய அத்தனை பேருடைய கணிப்புகளின் திரட்டு என்று சொல்லலாம்.

அந்தத் திரட்டு எவ்வளவு நம்பத் தக்கது? 1969 ஜனவரி 12 அன்று நடந்த மூன்றாவது சூப்பர் பௌலில் பால்டிமோர் அணி நியூயார்க் ஜெட்ஸ் அணியை ஏறத்தாழ 18 புள்ளிகள் வித்தியாசத்தில் வெல்லும் என்று எண் நின்றது. மூன்று நாள் முன்னதாக நியூயார்க்கின் ஜோ நேமத், நாங்கள் வெல்வது உறுதி என்று அறிவித்தார். நியூயார்க் 16-7 என வென்றது. அன்று முதல் நேமத்தின் சொல் ஒரு தீர்க்கதரிசனம்போலப் பேசப்படுகிறது. அதே உறுதியைக் கூறித் தோற்றவர்களின் பெயர்களை யாரும் சொல்வதில்லை. பலித்த சோதிடத்தை மட்டும் நினைவில் வைக்கும் பழக்கம் எந்த நாட்டுக்கும் தனியுடைமை அல்ல!

1991இல் புள்ளியியலாளர் ஹால் ஸ்டெர்ன் இதைக் கணக்காகப் பார்த்தார். 1981, 1983, 1984 ஆகிய ஆண்டுகளின் 672 ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, முன்கூட்டிச் சொன்ன வித்தியாசத்துக்கும் உண்மையில் நேர்ந்த வித்தியாசத்துக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டார். இடைவெளிகளின் சராசரி ஏறக்குறையப் பூச்சியம்! கூட்டத்தின் கணிப்பு எந்தப் பக்கமும் சாயவில்லை. ஆனால் அவற்றின் திட்ட விலக்கம் 13.86 புள்ளிகள். இரண்டு டச்டவுன்களுக்குச் சமமான அளவு இது. அதாவது மிகச் சிறந்த கணிப்பே இரண்டு டச்டவுன் அளவுக்கு இப்படியோ அப்படியோ போவது வெகு சாதாரணம்.

இந்த ஓர் எண்ணைக் கொண்டு வெற்றியின் நிகழ்தகவைக் கண்டுவிடலாம். 3 புள்ளி முந்தியிருப்பதாகக் கருதப்படும் அணி வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 59. 7 புள்ளி என்றால் 69. 11 என்றால் 79. 18 என்றால் 90. இக்கணக்கை நேமத்தின் ஆட்டத்துக்குப் பொருத்தினால், அவருடைய அணிக்குப் பத்தில் ஒரு வாய்ப்பு இருந்தது. அரிதுதான், அதிசயம் அல்ல.

ஏன் இவ்வளவு தடுமாற்றம்? ஓர் ஆட்டத்தில் ஓர் அணியின் கைக்குப் பந்து ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு முறைதான் வருகிறது. அதில் ஒரு முறை பந்து நழுவினால் போயிற்று. கூர்முனைப் பந்து தரையில் விழுந்தால் எந்தத் திசையில் துள்ளும் என்று யாரும் சொல்ல முடியாது. அது யார் கைக்குப் போகிறதோ அவர்களுக்கே ஏழு புள்ளிகள் கிடைத்துவிடக் கூடும்.

1999 ஜனவரி 17 அன்று மினியாபொலிஸ் நகரில் நடந்த நேஷனல் கான்பரன்ஸ் ஆட்டத்தைப் பார்ப்போம். மினசோட்டா வைக்கிங்ஸ் அணி அந்தப் பருவத்தில் 16 ஆட்டங்களில் 15இல் வென்றிருந்தது. 556 புள்ளிகள் எடுத்து அதுவரை இருந்த சாதனையையும் முறியடித்திருந்தது. எதிரில் அட்லாண்டா பால்கன்ஸ். மினசோட்டா 11 புள்ளியில் வெல்லும் என்பது கணிப்பு. ஆட்டம் முடிய ஏறத்தாழ இரண்டு நிமிடம் இருந்தபோது மினசோட்டா 27, அட்லாண்டா 20. மினசோட்டாவின் கேரி ஆண்டர்சன் சுமார் 35 மீட்டர் தொலைவிலிருந்து உதைக்க வந்தார். அந்தப் பருவத்தின் லீக் ஆட்டங்களில் அவர் இப்படி உதைத்தவை 35. தவறியது ஒன்றுகூட இல்லை. இதுவும் போனால் பத்துப் புள்ளி முன்னிலை, ஆட்டம் முடிந்த மாதிரிதான். பந்து இடக் கம்பத்துக்கு வெளியே போயிற்று. அட்லாண்டா ஆட்டத்தைச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் அட்லாண்டாவின் மோர்ட்டன் ஆண்டர்சென் ஏறக்குறைய அதே தூரத்திலிருந்து உதைத்து 30-27 என முடித்து வைத்தார். ஒருவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், மற்றவர் டென்மார்க்கைச் சேர்ந்தவர். இருவர் பெயரும் கிட்டத்தட்ட ஒன்று. கதை எழுதுபவர்கூட இப்படி எழுதத் தயங்குவார். ஆனால் 11 புள்ளி முந்திய அணி ஐந்தில் ஒரு தடவை தோற்கும் என்பதே ஸ்டெர்னின் கணக்கு.

இனி ரசிகரிடம் வருவோம். பல பேருடைய ஊகங்களைச் சேர்த்துப் பார்த்தால் உண்மைக்கு அருகே வரும் என்பதை 1907இல் பிரிட்டிஷ் அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் எடுத்துக் காட்டினார். பிளிமத் நகரக் கண்காட்சியில் ஓர் எருதைக் காட்டி, அறுத்துச் சுத்தம் செய்தபின் அதன் எடை என்னவாக இருக்கும் என்று போட்டி வைத்தார்கள். தேறிய சீட்டுகள் 787. அவற்றின் இடைநிலை மதிப்பு 1207 பவுண்டு. உண்மை எடை 1198 பவுண்டு. கசாப்புக்காரர், விவசாயி, வேடிக்கை பார்க்க வந்தவர் எல்லோருடைய தவறுகளும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டன. இங்கே ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: அந்த எருதின் எடை கூட வேண்டும் என்று ஆசைப்பட்டவர் எவரும் இல்லை. எருதுக்கு ரசிகர் கிடையாது.

ஆட்டத்துக்கு உண்டு. ரசிகரின் கண்ணே சாய்ந்து பார்க்கிறது என்பதற்கு 1954இல் வெளியான ஓர் ஆய்வு பெயர் பெற்றது. 1951இல் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரு கல்லூரிகள் முரட்டுத்தனமாக மோதிய ஆட்டம் ஒன்றில் ஒருவருக்கு மூக்கு உடைந்தது, இன்னொருவருக்குக் கால் முறிந்தது. ஹாஸ்டார்ப், கான்ட்ரில் என்ற உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் திரைப்படத்தை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த தவறுகளாகப் பிரின்ஸ்டன் மாணவர் எண்ணியது, டார்ட்மத் மாணவர் எண்ணியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! படம் ஒன்றுதான். நடந்து முடிந்ததையே இப்படிப் பார்க்கும் கண், நடக்கப் போவதை எப்படிப் பார்க்கும்?

2015இல் பிராட்லி லவ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. தொழில்முறை அணிகளின் ரசிகர்களிடம், உங்கள் அணி இந்தப் பருவத்தில் எத்தனை ஆட்டம் வெல்லும் என்று கேட்டார்கள். அப்போது ஓர் அணிக்கு 16 ஆட்டங்கள். ஒருவர் வென்றால் இன்னொருவர் தோற்றாக வேண்டும். ஆகவே எல்லா அணிகளின் சராசரி 8க்கு மேல் போகவே முடியாது. ரசிகர்களின் சொற்களைக் கூட்டினால் அது போயிற்று! ஓர் அணியைப் பற்றிச் செய்தி எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நிருபர்களிடமும் இந்தச் சாய்வு காணப்பட்டது. ஆக, தகவல் குறைவு இதற்குக் காரணம் அல்ல. அந்த நிருபர்களைவிடத் தகவல் அறிந்தவர் யார்?

முன்பெல்லாம் இது தெருமுனை வாக்குவாதத்தோடு போயிருக்கும். 2018 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத் தடைச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அதன்பின் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை அனுமதித்தன. கைபேசியிலேயே பணம் கட்டுகிறார்கள். வழக்கமான முறையில் 10 டாலர் வெல்ல 11 டாலர் கட்ட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 21 பந்தயங்களில் 11இல் வென்றால் வரவு 110, மீதிப் பத்தில் போவதும் 110. கையைக் கடிக்காமல் இருக்கவே நூற்றுக்கு 52.4 தடவை சரியாகச் சொல்ல வேண்டும். எதிரில் நிற்கும் எண்ணோ, எந்தப் பக்கமும் சாயாதது என்று ஸ்டெர்ன் காட்டிய எண். பாசத்தோடு போகிறவர் அங்கே எதை இழப்பார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சாய்வை அளக்க ஒரு நல்ல கோல் வானிலை நிலையத்திலிருந்து வந்தது. 1950இல் அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த கிளென் பிரையர், மழைக்கு எழுபது சதவிகித வாய்ப்பு என்பது போன்ற கணிப்புகளுக்கு மதிப்பெண் போடும் வழியைச் சொன்னார். வென்றால் 1, தோற்றால் 0 என்று கொள்ளுங்கள். அதிலிருந்து உங்கள் கணிப்பைக் கழித்து, விடையை வர்க்கமாக்குங்கள். குறைவாக வருவதே நல்லது. 0.7 என்று சொன்ன அணி வென்றால் 0.09, தோற்றால் 0.49.

இப்போது பத்து ஆட்டங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு ரசிகர் ஒவ்வொன்றிலும் ஓர் அணியைச் சொல்லி, நூற்றுக்கு நூறு என்கிறார், ஏழு பலிக்கிறது. அவர் சராசரி 0.30. இன்னொருவர் அதே அணிகளைச் சொன்னார், ஆனால் நூற்றுக்கு எழுபது என்றார். அவர் சராசரி 0.21. மூன்றாமவர் எதுவுமே தெரியாது, பாதிக்குப் பாதி என்று எல்லாவற்றுக்கும் சொன்னார், அவருக்கு 0.25. பத்தில் ஏழு சரியாகச் சொன்ன முதலாமவர், எதுவும் தெரியாது என்றவரிடம் தோற்றுவிட்டார்!

இந்த மதிப்பெண் முறையைச் சற்று மாற்றி, 2017 முதல் சில பருவங்களுக்கு ஃபைவ் தர்ட்டி எய்ட் என்ற இணைய இதழ் வாசகர்களுக்குப் போட்டி வைத்தது (இதழ் 2025இல் மூடப்பட்டது). எதிராளி, எலோ என்ற சிறு கணக்கு. சதுரங்க ஆட்டக்காரர்களைத் தரப்படுத்த அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ஆர்ப்பாட் எலோ வகுத்த முறை அது. வென்றவரின் எண் கூடும், தோற்றவரின் எண் அதே அளவு குறையும். எதிர்பாராத வெற்றிக்குக் கூடுதல் ஏற்றம். இதைக் கால்பந்துக்குப் பொருத்தியிருந்தார்கள். யாருக்குக் காயம், பயிற்சியாளருக்கும் ஆட்டக்காரருக்கும் என்ன சண்டை என்பவை முதலில் அந்தக் கணக்குக்குத் தெரியாது. வாசகர்களுக்கு எல்லாம் தெரியும். இருந்தும் பல வாரங்களில் வாசகர்களின் சராசரி எலோவிடம் தோற்றது.

மினியாபொலிஸ் ஆட்டத்துக்கு இந்த மதிப்பெண்ணைப் போட்டுப் பார்க்கலாம். மினசோட்டாவுக்கு நூற்றுக்கு 79 என்று சொல்லியிருக்கக் கூடிய கணிதருக்கு 0.62, மோசமான மதிப்பெண். நூற்றுக்கு நூறு அட்லாண்டாதான் என்று கத்திய ஓர் அட்லாண்டா ரசிகருக்குப் பூச்சியம். அதாவது முழு வெற்றி. அவர் அன்றிரவு எலோவையும் ஸ்டெர்னையும் ஒருசேரக் கேலி செய்திருக்கலாம். இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 31 அன்று, அட்லாண்டா சூப்பர் பௌலில் டென்வர் அணியைச் சந்தித்தது. நம் ரசிகர் அப்போதும் நூற்றுக்கு நூறு என்றுதான் சொல்லியிருப்பார். டென்வர் 34, அட்லாண்டா 19.