காற்றோட்ட உருத்திரிபு

காற்றோட்ட உருத்திரிபு என்பது நகரும் வளித்தொகுதி ஒரு திசையில் நீண்டு, அதற்குச் செங்குத்தான திசையில் ஒடுங்கும் வடிவமாற்றம். ஓரிடத்தைச் சூழ்ந்த கிடைக்காற்றின் செயலை வளிமண்டலவியலார் நான்காகப் பிரிப்பர். வளியை அப்படியே இடம்பெயர்ப்பது, சுழற்றுவது, அதன் பரப்பைக் கூட்டுவது அல்லது குறைப்பது, பரப்பு மாறாமல் வடிவத்தை மட்டும் மாற்றுவது. கடைசியாகச் சொன்னதே உருத்திரிபு. வளி நீளும் கோடு நீட்சி அச்சு. நெருங்கும் கோடு ஒடுக்க அச்சு.

100 கிலோமீற்றருக்குச் செக்கனுக்கு 1 மீற்றர் வீதம் காற்றின் வேகம் ஓர் அச்சில் கூடி, மற்றதில் அதே அளவு குறைவதாகக் கொள்வோம். 100 கிலோமீற்றர் பக்கமுள்ள சதுர வளிப்பரப்பு ஒரே நாளில் ஏறத்தாழ 237 கிலோமீற்றர் நீளமும் 42 கிலோமீற்றர் அகலமுமான பட்டியாகிவிடும். முன்பு 100 கிலோமீற்றரில் பரந்திருந்த வெப்ப, ஈரப்பத வேறுபாடு இப்போது 42 கிலோமீற்றருக்குள் நெருக்கப்படும். உருத்திரிபின் முக்கியத்துவம் முழுவதும் இந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது. சூடான வளிக்கும் குளிர்ந்த வளிக்கும் இடையிலான கூரிய எல்லைகளாகிய வளிமுகங்கள் பிறப்பதற்கு இதுவே வழி என்று வளிமண்டலவியலாளர் தோர் பெர்கெரோன் 1928இல் விளக்கினார். சமவெப்பக் கோடுகளுக்கும் நீட்சி அச்சுக்கும் இடையிலான கோணம் 45 பாகைக்குக் குறைவாக இருந்தால் வேறுபாடு கூர்மையாகும், கூடினால் தளரும் என்பதை சுவெரே பெற்றர்சன் 1936இல் காட்டினார்.

பாடநூல்கள் இதற்கு ஐரோப்பிய வளிமுகங்களையே உதாரணம் காட்டுகின்றன. இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு நகருக்கும் ஏறாவூருக்கும் இடையே வாவிக்கரையில் உள்ள தன்னாமுனையின் மாணவருக்கு அதைவிட நல்ல உதாரணம் ஊரிலேயே உண்டு. மத்திய கோட்டுக்கு அருகான இப்பகுதியில் கூர்மையான வெப்ப எல்லைகள் அரிது. இங்கு நெருக்கப்படுவது பெரும்பாலும் ஈரப்பத வேறுபாடு. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும்போது சூடேறி, உலர்ந்து, கச்சான் காற்றாக வீசும். பகலில் நிலம் சூடாகக் கடற்காற்று எதிரே வரும். உலர்ந்த வளியும் ஈரவளியும் கரைக்கு இணையான ஒடுங்கிய கோட்டில் சந்திக்கும். ஒடுக்க அச்சு கிழக்கு மேற்காகவும், நீட்சி அச்சு கரையோரமாகவும் அமையும்.

ஆயினும் இது தூய உருத்திரிபு அன்று. கரையோரமாகக் காற்று மாறாதிருந்து, குறுக்காக மட்டுமே எதிர்ப்பட்டால், குவிவும் (அதாவது வளிப்பரப்பின் சுருக்கமும்) உருத்திரிபும் சம அளவில் இருக்கும். குவிவு வளியை மேலே தள்ளுகிறது, உருத்திரிபு எல்லையைக் கூராக்குகிறது. ஈரம் போதுமானால் முகில்கள் அக்கோட்டிலேயே வரிசையாக எழும். கச்சான் வலுத்த நாள்களில் கடற்காற்று உள்ளே வர முடியாமல் போவதும் உண்டு.

1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைப் பேரழிவுக்குள்ளாக்கிய சூறாவளி போன்றவற்றில் உருத்திரிபு வேறு வகையில் செயற்படுகிறது. மையத்தில் சுழற்சி மேலோங்குவதால் வளி உருக்குலையாமல் சேர்ந்தே சுற்றும். உச்சக் காற்று வளையத்துக்கு வெளியே உருத்திரிபு சுழற்சியை விஞ்ச, முகில்கள் நீண்ட இழைகளாக இழுபடும்.

ஒரே நிலையத்தின் காற்றளவீட்டால் உருத்திரிபைக் கணிக்க முடியாது. காற்று சீராக மாறுவதாகக் கொண்டாலும் மூன்று இடங்களாவது வேண்டும். மட்டக்களப்பு, திருகோணமலை, பொலன்னறுவை என்று ஒரு முக்கோணம் எடுத்தால் பெரும்பரப்பின் போக்கு தெரியும். கச்சானும் கடற்காற்றும் சந்திக்கும் கோடோ அந்த முக்கோணத்தை நோக்க மிக ஒடுங்கியது. அதைப் பிடிக்க வாவியின் இரு கரைகளிலும், மேற்குக் கரையான படுவான்கரையில் உள்நோக்கியும், சில கிலோமீற்றர் இடைவெளியில் காற்றுமானிகள் தேவை.