மகப்பேற்றுக் குருதிப்போக்கும் தமனி அடைப்புச் சிகிச்சையும்

குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தாய் 500 மில்லிலிட்டர் அல்லது அதற்கு மேல் குருதி இழப்பது மகப்பேற்றுப் பின் குருதிப்போக்கு எனப்படும். அதன் பிறகு, வாரங்கள் கழித்தும் நேர்வது இரண்டாம் நிலைக் குருதிப்போக்கு ஆகும். கருப்பை சரிவரச் சுருங்காமை, நஞ்சுக்கொடித் துண்டு தங்கிவிடுதல், கிழிசல், குருதி உறையாமை ஆகியவை பொதுவான காரணங்கள். அரிதாகக் குருதிக்குழாயே காரணமாகிறது. அறுவைப் பேற்றில் கருப்பைத் தமனியின் சுவர் சேதமுற்று, அதையொட்டிக் குருதி தேங்கிப் புடைப்பது போலித் தமனி வீக்கம். தமனியும் சிரையும் நேரடியாக இணைந்துவிடுவது மற்றொரு வகை.

நிறைமாதத்தில் நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டருக்கும் மேற்பட்ட குருதி கருப்பைக்குச் செல்கிறது. எனவே கட்டுப்படாத குருதிப்போக்கு விரைவில் உயிரைப் பறிக்கக்கூடும். 1876-ல் இத்தாலியின் பாவியா நகரில் எதுவார்தோ போரோ, அறுவைப் பேற்றுடன் கருப்பையையும் அகற்றித் தாயைக் காப்பாற்றினார். உயிர் தப்பினாலும், மீண்டும் கருவுறும் வாய்ப்பை இழப்பதே இம்முறையின் விலை. பின்னர் இடுப்பின் உள் தமனிகளைக் கட்டும் அறுவை முறை பரவியது. ஆனால் கட்டிய இடத்தைக் கடந்து கிளைக் குழாய்கள் வழியே குருதி தொடர்ந்து பாய்வதை 1960-களில் பர்செலின் ஆய்வுகள் காட்டின. இம்முறை சிலருக்குப் பலனளிக்காததன் காரணம் இதனால் விளங்கியது.

கருப்பையின் தமனி–சிரைப் பிறழ்வை 1926-ல் பிரான்சின் துப்ரேயும் லூபாவும் விவரித்தனர். எனினும் அக்காலத்தில் குழாயின் குறையை உடலுக்குள் பார்த்தறியும் வழி எளிதாக இருக்கவில்லை.

அவ்வழியை 1953-ல் சுவீடனின் ஸ்வென்-இவார் செல்டிங்கர் எளிதாக்கினார். ஊசியால் தமனியைத் துளைத்து, அதனுள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, கம்பியின் மேல் வடிகுழாயை நகர்த்துவது அவர் முறை. வடிகுழாய் வழியே சாயம் செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தால் கசியும் இடம் தெரியும். 1979-ல் அமெரிக்காவில் பிரவுன் குழுவினர், கட்டுப்படாத மகப்பேற்றுக் குருதிப்போக்கை வடிகுழாய் வழியே தமனியை அடைத்து நிறுத்தியதை வெளியிட்டனர். இதற்குப் பெரிதும் பயன்படும் ஜெலட்டின் பஞ்சு சில வாரங்களில் கரைந்துவிடும், தமனி மீண்டும் திறக்கும், கருப்பையும் எஞ்சும். தமனியை முன்னரே கட்டிவிட்டால் வடிகுழாய் செல்வது கடினமாகிறது. ஆகவே சிகிச்சைகளின் வரிசையும் முக்கியமாயிற்று.

வண்ண டாப்ளர் அல்ட்ராசவுண்ட் வந்தபின் முதற்கட்டக் கண்டறிதல் இன்னும் எளிதானது. போலித் தமனி வீக்கத்தில் சுழலும் குருதி சிவப்பும் நீலமுமாகத் தெரியும். இந்தச் சோதனை தாயின் உயிரோடு தொடர்புடையது. தாமதமாக வரும் குருதிப்போக்குக்கு நஞ்சுக்கொடித் துண்டே காரணம் எனக் கருதி உடனே கருப்பையைச் சுரண்டினால், பழுதுற்ற குழாய் கிழிந்து குருதி பீறிடக்கூடும். எனவே சுரண்டும் முன் குழாய்களைப் பார்ப்பது பாதுகாப்பானது.

தமனி அடைப்புக்குக் கதிரியக்கக் கருவியும் பயிற்சி பெற்ற மருத்துவரும் தேவை. இவை இல்லாத இடங்களிலும், தாயின் நிலை மிக மோசமாகி நேரம் இல்லாதபோதும், அறுவையே இன்றும் உயிர்காக்கும் வழி.