நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

அமெரிக்காவின் அயோவா, டென்னசி, ஒக்லஹோமா போன்ற மாநிலங்களில் பள்ளி மாணவிகள் பல பத்தாண்டுகள் ஆடிய கூடைப்பந்தில் அணிக்கு ஆறு பேர். மூவர் கூடைக்குப் பந்தெறிபவர்கள், மூவர் தடுப்பவர்கள். ஆடுகளத்தின் குறுக்கே ஒரு நடுக்கோடு. அதை யாரும் தாண்டக் கூடாது. எதிரணியின் குறி தவறிய பந்தைத் தடுப்பவள் ஒருத்தி எம்பிப் பிடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முறைதான் அவள் அதைத் தரையில் தட்டலாம். தட்டியபடி முன்னேறி, கால்விரல் கோட்டில் படாமல் நின்று, அந்தப் பக்கம் காத்திருக்கும் தோழிக்கு எறிய வேண்டும். அதன்பிறகு பந்து திரும்பி வரும்வரை அவள் வேலை நின்று பார்ப்பது. எதிரணிக்காரி அவளை இடித்து ஃபவுல் செய்தாலும், அதற்கான ஃப்ரீ த்ரோவை மறுமுனையில் இருக்கும் தோழிதான் எறிவாள். இப்படியே பள்ளிக்காலம் முழுதும் ஆடி, ஒரு போட்டியிலும் கூடையை நோக்கிப் பந்தெறியாமலே வெளியேறிய பெண்கள் ஏராளம். நடுவருக்கு இதில் குழப்பம் இல்லை. கால் கோட்டைத் தாண்டினால் விசில். அந்தக் கோடு ஏன் அங்கே கிடக்கிறது என்ற தகராறைத் தீர்க்க அவருக்கு அதிகாரம் கிடையாது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட அந்தத் தகராறைப் பின்தொடர்ந்தால் ஒன்று தெளிவாகிறது: கோட்டைப் போட்டவர்களிடம் ஒரு நியாயம் இருந்தது, பின்னாளில் அதைக் கட்டிக்காத்தவர்களிடம் பெரும்பாலும் பழக்கம்தான் இருந்தது.

1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 13 விதிகளோடு கூடைப்பந்தை உருவாக்கினார். (1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் படித்ததும் அதே ஸ்பிரிங்ஃபீல்டில்தான்.) சில மாதங்களிலேயே, பக்கத்து ஊரான நார்த்தாம்டனின் ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த செண்டா பெரன்சன் அதைத் தன் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 1893 மார்ச் 22-இல் முதலாண்டு மாணவிகளும் இரண்டாம் ஆண்டு மாணவிகளும் மோதினார்கள். பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை. பெரன்சன் களத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். அவரவர் பகுதிக்குள்ளேயே ஓட வேண்டும். ஒருத்தி கையிலிருக்கும் பந்தை இன்னொருத்தி பிடுங்கக் கூடாது. மூன்று வினாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாது, மூன்று முறைக்கு மேல் தட்டக் கூடாது.

பெரன்சன் பெண்களைக் கட்டிப்போட்டார் என்று இன்று சொல்வது சுலபம். ஆனால் அவர் எந்தக் காலத்தில் நின்று விதி எழுதினார் என்பதைப் பார்க்க வேண்டும். கல்லூரிப் படிப்பே பெண்ணின் உடலைக் கெடுத்துவிடும் என்று மருத்துவர்கள் அச்சேற்றிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சூழலில் மாணவிகளுக்கு வேர்க்க விறுவிறுக்க ஓர் அணி விளையாட்டைக் கொடுக்க வேண்டுமானால், அதில் முரட்டுத்தனம் இல்லை என்று பெற்றோருக்கும் கல்லூரிக்கும் காட்டியாக வேண்டும். பிடுங்கக் கூடாது என்ற விதி அதைக் காட்டியது. மூன்று பகுதிப் பிரிவு இன்னொன்றையும் செய்தது: வேகமாக ஓடும் ஒருத்தியே ஆட்டம் முழுவதையும் விழுங்கிவிடாமல், எல்லோர் கைக்கும் பந்து போனது. என் கணிப்பில் அந்த விதிகள் ஒரு பேரம். கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆட்டத்தையே வாங்கிக்கொண்டார்கள்.

அந்தப் பேரத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நடத்தியதால் குழப்பம் வந்தது. நியூ ஆர்லியன்ஸின் நியூகம் கல்லூரியில் கிளாரா பேர் 1895-இல் தனி விதிகளை அச்சிட்டார். அவருடைய களத்தில் பகுதிகள் இன்னும் அதிகம். நெய்ஸ்மித் அனுப்பிய படத்தில் ஆட்டக்காரர்கள் நிற்கும் இடத்தைக் காட்டிய புள்ளிக்கோடுகளை அவர் எல்லைக்கோடுகள் என்று எடுத்துக்கொண்டதாகச் சொல்வதுண்டு. வேறு சில இடங்களில் பெண்கள் ஆண்களின் விதிகளிலேயே ஆடினார்கள். ஒரே கல்லூரிக்குள் ஆடும்வரை இது பெரிதல்ல. 1896 ஏப்ரல் 4-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டு மாணவிகள் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மாணவிகளை 2-1 என்று வென்றதுபோல் இரு கல்லூரிகள் மோதத் தொடங்கியதும், எது தவறு என்பதற்குப் பொதுவான ஏடு தேவைப்பட்டது. 1899-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடிய உடற்பயிற்சி ஆசிரியைகள் ஒரு குழு அமைத்தார்கள். 1901-இல் பெரன்சனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ஸ்பால்டிங் நிறுவனம் விதிப்புத்தகத்தை வெளியிட்டது. கோடு அன்றுதான் நாடு தழுவிய சட்டமானது. இதை எழுதியவர்கள் அதே மாணவிகளோடு அதே கூடத்தில் நின்ற ஆசிரியைகள் என்பது முக்கியம். விதி பொருந்தவில்லை என்றால் அடுத்த பதிப்பில் மாற்ற அவர்களால் முடிந்தது; மாற்றவும் செய்தார்கள். 1938-இல் மூன்று பகுதிகள் இரண்டாயின, அணிக்கு ஆறு பேர் என்ற வடிவம் நிலைத்தது. 1971-இல் கல்லூரிப் பெண்கள் அணிக்கு ஐவராகக் களம் முழுவதும் ஓடி ஆடத் தொடங்கினார்கள். கல்லூரியைப் பொறுத்தவரை தகராறு அத்தோடு முடிந்தது.

பள்ளிகளில்தான் முடியவில்லை. அயோவாவை எடுத்துக்கொண்டால், ஆறு பேர் ஆட்டத்துக்காக வாதாடுபவர்களின் கை அங்கே ஓங்கியே இருக்கிறது. 1925-இல் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் பெண்கள் போட்டியைக் கைகழுவ முடிவெடுத்தபோது, சிற்றூர்ப் பள்ளிக்காரர்கள் பிரிந்துபோய் மாணவிகளுக்கென்றே ஒரு சங்கம் கண்டார்கள். பெண்கள் போட்டி போட்டு விளையாடுவதே கூடாது என்று நாடெங்கும் பிரசாரம் நடந்த ஆண்டுகளில், சோளக்காட்டு ஊர்களின் பிள்ளைகள் மாநிலப் போட்டியில் ஆடினார்கள், அரங்கு நிரம்பியது. 1968 இறுதிப் போட்டியில் யூனியன்-விட்டன் பள்ளி எவர்லி பள்ளியை 113-107 என்று கூடுதல் நேரத்தில் வென்றது. டெனிஸ் லாங் 64 புள்ளி, எதிரணியின் ஜெனட் ஓல்சன் 76. மறு ஆண்டு சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸ் என்ற ஆண்கள் தொழில்முறை அணி லாங்கைத் தேர்ந்தெடுத்தது. அது செல்லாது என்று லீக் தலைமை அறிவித்தது. இவ்வளவு கொண்டாட்டம் கொடுத்த ஆட்டத்தை அநீதி என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வி நேர்மையானது. கொண்டாட்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஸ்கோரைப் படிக்கும்போது, இரு அணிகளிலுமாக நின்ற ஆறு தடுப்பவர்களின் கணக்கையும் பார்க்க வேண்டும். அவர்கள் புள்ளி எடுக்க விதியிலேயே வழி இல்லை. அந்த ஆட்டத்தின் புகழை வைத்து அவர்களுடைய இழப்பை ஈடுகட்ட முடியாது.

1971-க்குப் பிறகு அந்த இழப்புக்கு ஒரு பண மதிப்பும் வந்தது. பாலின அடிப்படையில் பாகுபாடு கூடாது என்ற 1972-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் கல்லூரிகளில் பெண்களுக்கு விளையாட்டு உதவித்தொகைக்கு வழி திறந்தது. பந்தெறியவே பழகாத பெண்ணை எந்தக் கல்லூரி அழைக்கும்? டென்னசியில் தடுப்பாட்டம் ஆடிய மாணவி ஒருத்தி இதைக் கேட்டு 1976-இல் நீதிமன்றம் போனாள். மாநிலச் சங்கத்தின் பதிலை உற்றுப் படிக்க வேண்டும். வலுவில்லாத மாணவிகளுக்குப் பாதுகாப்பு, அதிகம் பேருக்கு வாய்ப்பு, தடுமாற்றமுள்ள பிள்ளைகளும் தடுப்பாட்டமாவது ஆடலாம், பார்வையாளருக்கு விறுவிறுப்பு, அதனால் வசூல். முதல் மூன்றும் பெரன்சன் காலத்துப் பேச்சின் எதிரொலி. கடைசி இரண்டும் அவர் கனவிலும் சொல்லியிராதவை. கீழ் நீதிமன்றம் மாணவி பக்கம் நின்றது. 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டி, ஆண் பெண் உடல் வேறுபாடு விதிக்குப் போதுமான காரணம் என்றது.

ஒரு விளையாட்டின் விதியை நீதிபதிகள் எழுதலாமா என்ற ஆட்சேபம் அப்போதே எழுந்தது. கூடாது என்பதே என் எண்ணமும். இதற்குச் சரியான விடை 1979-இல் ஆர்கன்சாவில் வந்தது. எந்த ஆட்டம் சிறந்தது என்பதற்குள் நீதிபதி ரிச்சர்ட் அர்னால்டு போகவே இல்லை. பையன்கள் முழுக்களம் ஆட, பெண்களுக்கு மட்டும் ஏன் அரைக்களம் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. மாநிலச் சங்கத்திடம் மரபு என்பதைத் தவிர வேறு விடை இல்லை. மரபு மட்டும் போதாது என்று அவர் தீர்ப்பளித்தார். உடல் நலிவு பற்றிய பேச்சைக்கூட அங்கே யாரும் பெரிதாக எடுக்கவில்லை என்பதிலிருந்து, 1892-இன் காரணம் எவ்வளவு முன்பே செத்துவிட்டது என்று தெரிகிறது.

டென்னசி தீர்ப்பில் வென்றும் விதியை வைத்துக்கொள்ளவில்லை; அதுவும் 1979-இல் ஐவர் ஆட்டத்துக்கு மாறியது. அயோவா 1984-85 பருவத்தில் இரண்டு வகையையும் அனுமதித்து, 1993-இல் ஆறு பேர் ஆட்டத்தின் கடைசி மாநிலப் போட்டியை நடத்தியது. ஒக்லஹோமா 1995 வரை பிடித்துக்கொண்டிருந்தது. கல்லூரிகள் கோட்டை அழித்து அதற்குள் 24 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த இடைவெளியில் தடுப்பவர்களாகவே பள்ளியை முடித்த பெண்களுக்கு எந்தச் சங்கமும் எந்த நீதிமன்றமும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை.