சிபாரிசுக் கடிதம் முதல் வீடு திரும்பும் நாள் வரை

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏழைத் தொழிலாளி ஒருவர் மருத்துவமனையில் படுக்கை பெற வேண்டுமானால், நோயுடன் ஒரு சிபாரிசுக் கடிதமும் அவரிடம் இருந்தாக வேண்டும். லண்டனில் செயின்ட் ஜார்ஜ் (1733), லண்டன் மருத்துவமனை (1740), மிடில்செக்ஸ் (1745) என அடுத்தடுத்துத் தோன்றிய மருத்துவமனைகள் அரசுப் பணத்தில் நடந்தவை அல்ல. செல்வர்கள் செலுத்திய ஆண்டுச் சந்தாவிலும் நன்கொடையிலும் நடந்ததால் அவை தன்னார்வ மருத்துவமனைகள் எனப்பட்டன. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ கினி, அதாவது 21 ஷில்லிங் மதிப்புள்ள நாணயம், செலுத்திய சந்தாதாரருக்கு நோயாளிகளைப் பரிந்துரைக்கும் உரிமை கிடைத்தது. ஆகவே நோயாளி முதலில் தேடிப் போனது மருத்துவரை அல்ல, தமக்காக ஒரு கடிதம் எழுதித் தரக்கூடிய சந்தாதாரரையே.

கடிதம் கிடைத்தபின்னும் நினைத்த நாளில் உள்ளே நுழைய முடியாது. வாரத்தில் குறிப்பிட்ட ஒரு நாளே சேர்க்கை நாள். அன்று கூடத்தில் காத்திருப்போரை நிர்வாகக் குழுவினரும் மருத்துவரும் ஒருவர் பின் ஒருவராக அழைத்து, யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என முடிவு செய்தனர். கருவுற்ற பெண்கள், சிறு குழந்தைகள், பெரியம்மை போன்ற தொற்றுநோய் கண்டவர்கள், மனநோயாளிகள், குணமாகும் நம்பிக்கை இல்லாதவர்கள், சாகும் தறுவாயில் இருப்பவர்கள் ஆகியோரைச் சேர்ப்பதில்லை என்பது பல மருத்துவமனைகளின் எழுத்துபூர்வமான விதி. நோயாளி இறந்துவிட்டால் அடக்கச் செலவை ஏற்பதற்கு முன்பணமோ பிணையோ கேட்ட இடங்களும் இருந்தன. விபத்தில் அடிபட்டு வருவோருக்கு மட்டும் கடிதமின்றி எந்நேரமும் கதவு திறந்தது. இந்த நடைமுறை முழுவதிலும் வார்டுப் பணிப்பெண்ணுக்குப் பேச்சே கிடையாது. மேலிருந்து அனுப்பப்பட்டவரைப் படுக்கையில் கிடத்துவதும், அவரிடம் காசு வாங்கக் கூடாது என்ற விதிக்குக் கட்டுப்படுவதுமே அவளுக்கு விதிக்கப்பட்டிருந்தன. அவ்விதியைத் திரும்பத் திரும்ப எழுதி வைக்க நேர்ந்ததிலிருந்தே, காசு கைமாறுவது வழக்கமாக இருந்தது என ஊகிக்கலாம்.

வெளியேற்றமும் சந்தாதாரரை மையமாகக் கொண்டே அமைந்தது. குணமானவர் தம் தேவாலயத்தில் கடவுளுக்கும், பரிந்துரைத்தவரை நேரில் கண்டு அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என எதிர்பார்க்கப்பட்டது. குடித்தவர், சூதாடியவர், வார்டில் கெட்ட வார்த்தை பேசியவர் ஆகியோர் 'ஒழுங்கீனம்' என்ற குறிப்புடன் வெளியேற்றப்பட்டனர். அக்குறிப்பு பெற்றவர் மீண்டும் சேர்வது எளிதன்று. வெளியேறியவரை வீட்டில் யார் பார்த்துக்கொள்வார், புண்ணுக்கு யார் கட்டுப் போடுவார் என்ற கேள்விகளுக்குப் பதிவேட்டில் இடமே இல்லை. கடித முறையின் கொடுமை உணர்ந்து வில்லியம் மார்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் 1828இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம், கடிதமோ கட்டணமோ கேட்காமல் ஏழைகளைச் சேர்த்தது. பின்னாளில் அது ராயல் ஃப்ரீ மருத்துவமனை எனப் பெயர் பெற்றது.

நோயாளியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்கு மாற்றும் பணியை யாரும் பொறுப்பேற்காவிட்டால் என்ன நேரும் என்பதைக் கிரிமியப் போர் காட்டியது. 1854இல் காயமுற்ற, காலரா கண்ட பிரிட்டிஷ் வீரர்கள் கிரிமியாவிலிருந்து கப்பலேற்றப்பட்டுக் கருங்கடலைக் கடந்து, இஸ்தான்புல் நகரின் எதிர்க்கரையான ஸ்குடாரியில் இருந்த படைமனை மருத்துவமனைக்குக் கொண்டு வரப்பட்டனர். கப்பல் தளத்தில் நெருக்கிக் கிடத்தப்பட்டவர்களில் பலர் வழியிலேயே இறந்தனர். கரை சேர்ந்தவர்கள் செங்குத்தான சரிவில் தூக்கிச் செல்லப்பட்டனர். சேர்க்கையின்போதோ விதி குறுக்கே நின்றது. மருத்துவமனைக்கு வரும் வீரர் தம் முதுகுப்பையில் மாற்றுச் சட்டை, கத்தி, முள்கரண்டி, கரண்டி ஆகியவற்றைத் தாமே கொண்டுவர வேண்டும் என்பது படை ஒழுங்கு. அதனால் அவற்றை வழங்கும் கடமை தமக்கில்லை எனப் பண்டகசாலை அதிகாரிகள் கருதினர். ஆனால் கிரிமியாவில் கரையிறங்கியபோதே முதுகுப்பைகளை விட்டுவரும்படி வீரர்களுக்கு ஆணையிடப்பட்டிருந்தது. இதனால் இரத்தமும் பேனும் படிந்த ஒரே சட்டையுடன் வந்தவருக்கு மாற்றுத்துணியும் இல்லை, சாப்பிடக் கரண்டியும் இல்லை. 1854 நவம்பர் 4 அன்று 38 பெண்களுடன் வந்து சேர்ந்த ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் முதலில் மருத்துவர்களால் ஒதுக்கி வைக்கப்பட்டார்; சில நாட்களில் புதிய காயம்பட்டோர் வெள்ளமென வந்ததும் அவரது உதவி தவிர்க்க முடியாததாயிற்று. சட்டை வாங்கிக் கொடுப்பது, துணி வெளுக்கக் கொதிகலன் அமைப்பது ஆகியவையே அங்கு அவர் செய்த முதன்மையான சேர்க்கைப் பணிகள். விளக்கேந்திய உருவமாக மட்டுமே அவரை நினைவில் வைத்திருப்போர் இந்தச் சட்டைக் கணக்கைக் கவனிப்பதில்லை; உண்மையில் செவிலிப் பணியின் வரலாறு இக்கணக்கில்தான் அதிகம் பதிந்திருக்கிறது.

1855 பிப்ரவரியில் ஸ்குடாரியில் சிகிச்சை பெற்றோரில் இறந்தவர் சுமார் 42 விழுக்காடு. மார்ச்சில் வந்த சுகாதார ஆணையம் கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவாக்கிய பின், ஜூனில் அது ஏறத்தாழ 2 விழுக்காடாகக் குறைந்தது. இறந்தவர் எத்தனை பேர் என்பதற்கே மூன்று பதிவேடுகள் இருந்தன: புதைக்கப்பட்டோரைக் குறித்த பட்டியல் ஒன்று, மருத்துவ அதிகாரிகளின் அறிக்கை ஒன்று, படை அலுவலகக் கணக்கு ஒன்று. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. மனிதர் வந்ததற்கும் போனதற்கும் நம்பத்தக்க தடயம் இல்லாத நிலை நைட்டிங்கேலை ஆழமாகத் தாக்கியது.

நாடு திரும்பிய அவர், எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவான புள்ளிவிவரப் படிவங்களை உருவாக்க, அவை 1860இல் லண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டின் முன் வைக்கப்பட்டன. ஆண்டுத் தொடக்கத்தில் இருந்தவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள், குணமாகியோ நலம் கண்டோ சென்றவர்கள், குணமாக்க முடியாதவர் என அனுப்பப்பட்டவர்கள், ஒழுங்கீனத்தாலோ தம் விருப்பத்தாலோ வெளியேறியவர்கள், இறந்தவர்கள், ஆண்டிறுதியில் எஞ்சியவர்கள், சராசரியாகத் தங்கிய நாட்கள் என அவற்றின் பிரிவுகள் விரிந்தன. சாகும் நிலையில் உள்ளவரை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிட்டால் மருத்துவமனையின் இறப்பு விகிதம் அழகாகத் தெரியும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். எனவே நோயாளி எப்படி வெளியேறினார் என்பதைத் தனித்தனியாகக் குறிக்கச் செய்தது, மறைப்புக்கு இடமளிக்காத ஏற்பாடாகும். அதே காலத்தில் வெளிவந்த 'நோட்ஸ் ஆன் நர்சிங்' என்ற அவரது நூல், செவிலி அறையில் இல்லாதபோதும் அவள் செய்வது தடையின்றி நடைபெறுமாறு பொறுப்பை ஒப்படைப்பது எப்படி என்பதற்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியது. இன்று பணிமுறை மாறும்போது செவிலியர் படுக்கையருகே நின்று நோயாளியின் நிலையை அடுத்தவரிடம் சொல்லி ஒப்படைக்கும் வழக்கத்துக்கு அடிப்படையான சிந்தனை அதில் உண்டு.

வீட்டுக்கு அனுப்பிய பின் நேர்வது மட்டும் இன்னும் மருத்துவமனைக்கு வெளியே இருந்தது. லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன், தம் மனைவியை இறுதிக் காலத்தில் கவனித்த மேரி ராபின்சன் என்ற செவிலியை 1859இல் அந்நகரின் ஏழை வீடுகளுக்கு அனுப்பினார். கண்ட துயரைத் தாங்காமல் விலகிக்கொள்ள எண்ணிய ராபின்சன், பிறகு அப்பணியிலேயே நிலைத்தார். வட்டாரச் செவிலியம் எனப்படும் வீட்டுச் செவிலிப் பணி இவ்வாறு வேர் கொண்டது.

நோயாளியின் வீட்டுநிலையை மருத்துவமனையே கவனிக்கத் தொடங்கியது பின்னர்தான். 1895இல் மேரி ஸ்டூவர்ட் என்பவர் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் முதல் ஆல்மனராக நியமிக்கப்பட்டார். ஆல்மனர் என்றால் தரும காரியங்களை மேற்பார்ப்பவர். கட்டணம் செலுத்தக்கூடியவர்கள் இலவசச் சிகிச்சையைப் பெறாமல் தடுப்பதே அவருக்கு இடப்பட்ட முதல் பணி. கடிதமின்றிச் சேர்த்துக்கொண்ட மருத்துவமனையே தகுதி விசாரிக்க ஒருவரை அமர்த்தியது வருத்தத்திற்குரியதுதான். ஆயினும் விசாரணைக்காக நோயாளியின் வீட்டுநிலை அறிந்தவர், அந்நிலைக்கேற்ற உதவியையும் தேட வேண்டியவரானார். கட்டில், சத்துணவு, ஓய்வில்லம், வட்டாரச் செவிலி என ஏற்பாடு செய்வது படிப்படியாக அப்பதவியின் உள்ளடக்கமாயிற்று. 1948 ஜூலை 5 அன்று பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கிச் சிகிச்சை யாவருக்கும் இலவசமானபோது, ஆல்மனர்களிடம் இருந்த கட்டண விசாரணை தேவையற்றுப் போனது. நோயாளியின் வீட்டையும் வாழ்க்கையையும் விசாரித்து உதவி தேடும் பணி அவர்களிடமே எஞ்சியது.