வந்தவரும் வரவேற்றவரும்: பழவேற்காட்டு ஏரிக்கரைக் குடியேற்றம் குறித்துச் சில சிந்தனைகள்

பழவேற்காட்டுக் கரையிலிருந்து பசியாவரம் தீவைக் கண்ணால் காணலாம். நெடுங்காலமாக அவ்வூர் மக்கள் பள்ளிக்கூடத்திற்கும் மருத்துவத்திற்கும் கடைத்தெருவிற்கும் படகிலேயே கரை கடந்து வந்தனர். நாம் மாணவர் சிலருடன் அங்குச் சென்றிருந்தபோது, படகோட்டி நேராகச் செல்லாமல் வளைந்து வளைந்து சென்றார். காரணம் கேட்டோம். "மேலே பார்த்தா எல்லாம் ஒரே தண்ணிதான் பாய், அடியில மேடு எங்க, பள்ளம் எங்கன்னு எங்களுக்குத்தான் தெரியும்" என்றார். அந்த ஒரு சொல் நம் வரலாற்றைக் குறித்து நீண்ட நேரம் சிந்திக்க வைத்தது.

பழவேற்காட்டு முஸ்லிம்களிடையே தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் செய்தி ஒன்று உண்டு. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டளவில், அதாவது கி.பி. 13ஆம் நூற்றாண்டில், புதிய கலீஃபாவுக்குத் திறை செலுத்த மறுத்து மக்காவிலிருந்து வெளியேற்றப்பட்ட அரபிகள் நான்கு படகுகளில் இக்கரையை அடைந்தனர் என்பதே அது. நம் முன்னோர் போற்றிக் காத்த செய்தி இது. எனினும் வரலாற்று மாணவர் என்ற முறையில் இதனை உரசிப் பார்ப்பது நம் கடமையாகும். 13ஆம் நூற்றாண்டில் மக்கா ஷரீஃப்களின் ஆட்சியில் இருந்தது. கலீஃபாக்களோ பக்தாதில் இருந்தனர். 1258இல், ஹிஜ்ரி 656இல், அந்தக் கிலாஃபத்தும் முடிவுற்றது. மக்காவாசிகள் கலீஃபாவுக்குத் திறை செலுத்தினர் என்பதைவிட, கலீஃபாக்களும் சுல்தான்களும் மக்காவுக்கு நன்கொடைகள் அனுப்பினர் என்பதே அக்கால நடைமுறைக்குப் பொருந்தும்.

இதையொத்த மற்றொரு செய்தியை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்க் வில்க்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி பதிவு செய்துள்ளார். ஹஜ்ஜாஜ் பின் யூசுஃபின் கொடுமைக்கு அஞ்சிக் கப்பலேறியவர்களே கொங்கணத்து நவாயத்துகளும் தமிழகத்து லெப்பைகளும் என்பது அதன் சாரம். ஹஜ்ஜாஜ் மறைந்தது கி.பி. 714இல். இரு செய்திகளுக்கும் இடையே ஐந்து நூற்றாண்டுகள் உள்ளன. கதையின் அச்சு மட்டும் ஒன்றே. ஒரு கொடுங்கோலன், சில படகுகள், ஒரு புகலிடம். உண்மையில் 13ஆம் நூற்றாண்டு பாண்டிய நாட்டுத் துறைமுகங்களில் அரபுக் குதிரை வணிகம் செழித்த காலம். காயலைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியிருப்பதும் அந்நூற்றாண்டைப் பற்றியே. ஆகவே அரபிகள் இக்கடற்கரைக்கு வந்தனர் என்பதில் ஐயமில்லை. ஒரே நாளில் நான்கு படகுகளில் வந்தனர் என்பதைவிட, பருவக்காற்றுதோறும் வந்து சிறுகச் சிறுகத் தங்கினர் என்பதே அறிவுக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது.

தங்கியவர் முதலில் கற்க வேண்டியிருந்தது வானத்தை. மக்காவில் மே மாத இறுதியிலும் ஜூலை நடுவிலும் கதிரவன் நேர் உச்சிக்கு வரும். பழவேற்காட்டிலோ ஏப்ரல் கடைசி வாரத்திலேயே உச்சிக்கு வந்து, மீண்டும் ஆகஸ்ட் நடுவில் வரும். இடைப்பட்ட நாட்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். லுஹரும் அஸரும் நிழலைக் கொண்டே கணிக்கப்படுபவை. ஷாஃபிஈ மத்ஹபின்படி, நண்பகல் நிழல் போக, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தை எட்டும்போது அஸர் தொடங்குகிறது. ஆகவே புதிய ஊரின் நிழலை அளந்தறிவது தொழுகையாளிக்கு இன்றியமையாதது. பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் உள்ள நிழற்கடிகாரம் அந்த அக்கறையின் சான்றாகவே நமக்குப் படுகிறது. கிப்லாவும் அவ்வாறே. கடல் கடந்து வந்தவர்கள் இங்குக் கடலுக்கு முதுகு காட்டி, மேற்கிலிருந்து சற்றே வடக்கே சாய்ந்து, தமிழ் மண்ணை நோக்கி நின்று தொழுதனர்.

வானத்தை அளக்க ஒரு கம்பு போதும். ஏரியை அறிய மனிதர் வேண்டும். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் நன்னீர் கொணர, முகத்துவாரம் வழியே கடல்நீர் உட்புகுகிறது. மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். பெருங்கப்பல்கள் வெளியே நங்கூரமிட, சரக்குகளைச் சிறுபடகுகளே கரை சேர்த்தன. ஏரியில் வலை கட்டும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் மரபு இம்மீனவரிடையே உண்டு. நீரின் மீதும் நீதி செலுத்தத் தெரிந்த மக்கள் இவர்கள். இவர்களுடைய அறிவும் இசைவும் இன்றி எந்த மரக்கலமும் இங்கு ஒதுங்கியிருக்க இயலாது.

குடியேறியவர்கள் இம்மக்களின் மொழியைத் தம் மொழியாக்கினர். இம்மண்ணில் மணம் முடித்தனர். அரபு எழுத்தில் தமிழை எழுதினர். இக்கரையின் துணியைக் கீழைக் கடல் நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். மலாய் மக்கள் இன்றும் கைலியைக் 'காயின் பெலிக்காட்' என்பதும், இலங்கையில் 'பளையகட்' சாரம் என்பதும் பழவேற்காட்டின் பெயரே.

இதே கரைக்கு வேறு விதமாகவும் சிலர் வந்தனர். 1610இல் வேங்கடபதி ராயரின் இசைவு பெற்ற டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தனர். வெடிமருந்து செய்தனர், நாணயம் அச்சிட்டனர், 17ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து மக்களையே அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றினர். இரு நூற்றாண்டுகளுக்கு மேல் தங்கி, 1825இல் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துச் சென்றனர். எஞ்சியது கல்லறைத் தோட்டமே.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு. 1860 முதல் ஒட்டகங்களுடன் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட ஆப்கானிய, பலூச்சி, பஞ்சாபி முஸ்லிம்கள் அந்நாட்டின் பாலைநிலமெங்கும் சுமை சுமந்தனர். மாரீ, புரோக்கன் ஹில் போன்ற ஊர்களில் பள்ளிவாசல்களும் எழுப்பினர். பாலையின் நீர்நிலைகளை அறிந்திருந்த பழங்குடியினரோடு சிலர் மண உறவும் கொண்டனர். ஆயினும் 1901க்குப் பிந்திய வெள்ளையர் ஆஸ்திரேலியக் கொள்கை அவர்களுக்குக் குடியுரிமைக் கதவை அடைத்தது. மோட்டார் வண்டிகள் வந்ததும் தொழிலும் போயிற்று. புரோக்கன் ஹில் பள்ளி இன்று வரலாற்றுக் கழகத்தின் காட்சியகமாக நிற்கிறது. அவர்களிடம் உழைப்புக்கும் ஈமானுக்கும் குறைவில்லை. நாட்டின் அரசு அவர்களை ஏற்கவில்லை என்பதே குறை.

இம்மூன்றையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். குடியேற்றம் என்பது வருபவரின் துணிவால் மட்டும் நிறைவேறுவதன்று. வரவேற்பவரின் மனத்தாலும் நிறைவேறுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவை அடைந்ததும் முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் சகோதரர்களாகப் பிணைத்தார்கள். அன்சாரிகளைக் குறிப்பிடாமல் ஹிஜ்ரத்தின் வரலாற்றை எவரும் எழுதுவதில்லை. நாமோ நம் ஊர்களின் வரலாற்றை எழுதும்போது வந்த படகுகளை எண்ணுகிறோம். வழிகாட்டிய கரங்களை எண்ணுவதில்லை. வம்சாவளி அரபகத்தில் தொடங்குவதைப் பெருமையாகப் பேசுகிறோம். அந்த வம்சத்தின் பாட்டிமார் இக்கரையின் பெண்கள் என்பதை ஏனோ மெல்லக் கடந்து விடுகிறோம்.

இன்று முகத்துவாரம் மணலால் அடைபடுவதும், ஏரி ஆழம் குறைவதும், மீன்வளம் சுருங்குவதும் பசியாவரம் போன்ற ஊர்களின் அன்றாடக் கவலை. அந்தக் கவலையில் நமக்கும் பங்குண்டு. நம் முன்னோருக்கு வழிகாட்டிய நீர் அது. திரும்பும்போது படகோட்டி துடுப்பால் நீரடியைத் தொட்டுக் காட்டினார். அவர் கை விரித்த அளவு, அவருடைய தந்தை காலத்து ஆழத்தில் பாதியும் இல்லை. நம் ஊர் வரலாற்றை அடுத்து எழுத இருக்கும் இளைஞர்கள், அரபு ஆவணங்களைத் தேடுவதற்கு முன் ஒருமுறை அந்தப் படகில் ஏறி அமர்வது நல்லது.