வாக்குரிமை இல்லாதவர்களின் மனு

கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனத்தைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்து வந்தது. 1793, 1813, 1833 என்ற வரிசையில் அடுத்த முறை 1853. சென்னையில் சிலர் இந்தக் கணக்கைக் கவனமாகப் போட்டு வைத்திருந்தார்கள். கம்பெனி ஆட்சியைப் பற்றி லண்டன் காதில் ஏதாவது போட வேண்டுமென்றால் அதற்கான வேளை அதுதான். தவறவிட்டால் இன்னும் இருபது வருடம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

1852 பிப்ரவரியில் சென்னைவாசிகள் சங்கம் பிறந்தது இந்தக் கணக்கோடுதான். ஆங்கிலத்தில் அதன் பெயர் மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன். அதை முன்னின்று நடத்தியவர் கஜுலு லட்சுமிநரசு செட்டி. துணியும் அவுரியும் விற்ற குடும்பத்தில் 1806-இல் பிறந்தவர். 1844-இலேயே 'கிரெசென்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கி, கம்பெனி அதிகாரிகளின் மொழியிலேயே அவர்களோடு வாதாடிக்கொண்டிருந்தார். சங்கத்துக்கு அரசு மானியம் கிடையாது. அதன் உறுப்பினர்களுக்கு வாக்குரிமையும் இல்லை. அவர்கள் யாரிடம் முறையிட்டார்களோ அந்த மன்றம் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்தது. இன்று தன்னார்வ அமைப்புகள் கொள்கை மாற்றத்துக்காக அரசோடு பேசும் வேலையைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்கின்றன. அந்த வேலையின் நுட்பங்களில் பெரும்பாலானவற்றை இந்த வணிகர்கள் யாரும் கற்றுத்தராமலேயே கண்டுபிடித்தார்கள்.

முதல் நுட்பம், சொந்தக் குறையைச் சொந்த வாயால் சொல்வது. சங்கம் ஆரம்பத்தில் கல்கத்தாவின் பிரிட்டிஷ் இந்தியன் அசோசியேஷனுக்குக் கிளையாகத்தான் இருந்தது. ஆனால் வங்காளத்தில் இருந்தது ஜமீன்தாரி முறை. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் ரயத்துவாரி. இங்கே அரசே நிலச்சுவான்தார். தாசில்தாரின் சேவகன் நேராக உழவனின் வாசலுக்கு வருவான். இரண்டு துன்பத்தையும் ஒரே மனுவில் அடைக்க முடியாது. சங்கம் சீக்கிரமே தனித்து நின்றது. வரிச்சுமை, ஆமை வேகத்தில் நகர்ந்து பணத்தை விழுங்கிய நீதிமன்றங்கள், சாலையும் பாசனமும் கவனிப்பாரற்றுக் கிடந்தது, கல்விக்குச் செலவிடாத கஞ்சத்தனம் எல்லாவற்றையும் எழுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

பலன் சொற்பம். 1853-ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனியின் ஆட்சியைக் காலக்கெடு குறிக்காமலேயே தொடரவிட்டது. சங்கத்துக்குள்ளும் விரிசல் விழுந்து, ஒரு பிரிவினர் விலகிப்போனார்கள்.

மனுவோடு நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் லண்டனில் இந்தியச் சீர்திருத்தச் சங்கம் என்றொரு குழு 1853-இல் உருவாகியிருந்தது. அதைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி டான்பி சீமோர் அந்த ஆண்டே சென்னைக்கு வந்தார். வந்த விருந்தாளிக்கு மாலை போட்டு அனுப்பிவிடவில்லை லட்சுமிநரசு. அவரை ஜில்லா ஜில்லாவாக அழைத்துப்போனார். வரி கட்ட முடியாத குடியானவர்களை வருவாய்த்துறைச் சிப்பந்திகள் என்ன செய்தார்கள் என்பதை, அதை அனுபவித்தவர்களே சீமோரிடம் சொன்னார்கள். காகிதத்தில் எழுதி அனுப்பியது சாதிக்காததை இந்தப் பயணம் சாதித்தது. 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறது என்ற பேச்சு எழுந்தது. கம்பெனித் தரப்பு மறுத்தது. ஆனாலும் விசாரணைக் குழு அமைப்பதைத் தவிர்க்க முடியவில்லை.

எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் குழு 1855-இல் அறிக்கை தந்தது. வெயிலில் நிறுத்தி வைப்பது, சாப்பிடப் போகவிடாமல் தடுப்பது, குனிய வைத்து முதுகில் கல் ஏற்றுவது, கிட்டி போட்டு விரல்களை நசுக்குவது என்று அதில் வரும் பட்டியலை இன்று படித்தாலும் நெஞ்சு பதறும். வரி பாக்கி சில அணாக்களாக இருந்தாலும் இதுதான் கதி. முறையீடுகள் ஆயிரத்துக்கு மேல் வந்தன. தொலைதூர ஊர்களிலிருந்து நடந்தே வந்து வாக்குமூலம் கொடுத்தவர்களும் உண்டு. சித்திரவதை நடப்பது உண்மை என்று குழு ஒப்புக்கொண்டது. ஆனால் பழி முழுவதையும் இந்தியச் சிப்பந்திகளின் தலையில் போட்டுவிட்டு, வெள்ளைக்கார கலெக்டர்களை விட்டுவிட்டது.

அப்போது சங்கம் செய்ததுதான் அதன் வரலாற்றிலேயே உயர்ந்த காரியம். விசாரணை கிடைத்துவிட்டது, அறிக்கையும் வந்துவிட்டது. பல அமைப்புகள் அந்த இடத்தில் வெற்றி என்று அறிவித்துவிட்டு ஓய்ந்துவிடும். சங்கம் ஓயவில்லை. 1856 ஜனவரியில் காமன்ஸ் சபைக்குப் போன அதன் மனு, அந்த விசாரணையையே விசாரித்தது. குழு சென்னை நகரத்தை விட்டு நகரவில்லை, அதுவும் மூன்றே மாதம்தான் உட்கார்ந்தது; ஊரை விட்டு வர இயலாத குடியானவன் எப்படிச் சாட்சி சொல்வான் என்று கேட்டது. தீமையின் வேரைக் குழு தேடவில்லை, தேடியிருந்தால் அது வரி வசூல் முறைக்குள்ளேயே இருப்பது தெரிந்திருக்கும் என்றது. குற்றம் சாட்டப்பட்ட சிப்பந்திகளிடம், உங்கள் மேலதிகாரிகளுக்கு இது எவ்வளவு தூரம் தெரியும் என்று ஏன் கேட்கவில்லை என்றது. இந்த மூன்றாவது கேள்விக்கு இன்றைக்கும் வயதாகவில்லை. காவல் நிலைய மரணம் எதிலும் முதலில் கேட்க வேண்டியதும் கடைசி வரை கேட்கப்படாமல் போவதும் அதுதான். 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிப்யூனில் இந்தியச் சித்திரவதைகளைப் பற்றி எழுதிய கார்ல் மார்க்ஸ், சென்னைச் சங்கத்தின் இந்த ஆட்சேபங்களையும் எடுத்துச் சொன்னார்.

சங்கத்தைப் புனிதப்படுத்திப் பார்க்கத் தேவையில்லை. லட்சுமிநரசு முன்னதாக நடத்திய போராட்டங்களில் ஒன்று, மதம் மாறியவர்களுக்குக் குடும்பச் சொத்தில் உரிமை கிடைக்கச் செய்யும் சட்ட முயற்சிக்கு எதிரானது. 1850-இல் அந்த உரிமை சட்டமாகவே ஆனது. பள்ளிகளில் பைபிளைப் பாடமாக்கும் முயற்சியை அவர் எதிர்த்ததில் நியாயம் இருந்தது. சொத்துரிமை விஷயத்தில் அவர் கட்டிக்காத்தது ஜாதிக் கட்டுப்பாட்டைத்தான். உழவர்களுக்காகப் பேசிய சங்கத்தில் உழவர்கள் இல்லை என்பதும் உண்மை. வசதியுள்ளவர்கள் வசதியற்றவர்களின் சார்பில் அரசிடம் பேசும்போது வரும் இந்தக் குறை, அந்தத் தலைமுறையோடு தீர்ந்துவிடவில்லை.

ஆனாலும் மாற்றம் வந்தது. வரி வசூலிக்கும் கையிலேயே போலீஸ் அதிகாரமும் இருந்ததுதான் கொடுமைக்கு வழிவிட்டது என்பது விசாரணையில் வெளிப்பட்டிருந்தது. 1859-இல் வந்த சென்னை போலீஸ் சட்டம் காவல் துறையை வருவாய்த் துறையிலிருந்து பிரித்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி, 1861-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்றது. அந்தக் காலத்துப் போலீஸ் கொடுமைகள் கற்றுத்தந்த பாடத்தின் விளைவு அது. அதன் சாரம் இந்தியச் சாட்சியச் சட்டத்திலும், 2024-இல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்திலும் தொடர்ந்து உயிரோடு இருக்கிறது.

லட்சுமிநரசு 1863-இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். பொதுவேலைக்காகக் கைப்பணத்தைக் கரைத்திருந்த அவர் 1868-இல் வறுமையில் இறந்தார். சங்கம் அதற்கு முன்பே சோர்ந்துவிட்டிருந்தது. ஒரு மனிதரின் பணப்பையையும் உடல்வலுவையும் நம்பி நின்ற அமைப்புக்கு வேறு கதி இல்லை. 1884 மே மாதம் ரங்கையா நாயுடு தலைவராகவும் வீரராகவாச்சாரியார், அனந்தாச்சார்லு ஆகியோர் செயலாளர்களாகவும் சென்னை மகாஜன சபையைத் தொடங்கியபோது, அந்தப் பலவீனத்தைச் சரிசெய்ய முயன்றார்கள். நகரத்துச் சபை மட்டும் பேசாமல், மாகாணமெங்கும் இருந்த உள்ளூர்ச் சங்கங்களை அதனோடு இணைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள் சென்னையில் மாநாடாகக் கூடி, தங்கள் ஊர்க் குறைகளைத் தாங்களே பேசினார்கள்.