கறுப்புக் குடையும் சுங்குடிச் சேலையும்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதத்தில், கலிபோர்னியாவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு நானும் இவரும் போயிருந்தோம். ஒருநாள் அனஹைமில் உள்ள டிஸ்னிலாண்டுக்குக் கூட்டிப்போனாள். பிள்ளைகள் ஒரு சவாரியிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் நிழல் பார்த்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். எதிர்ப் பெஞ்சில் ஒரு ஜோடி. இருவருக்கும் நாற்பதுக்கு மேல் இருக்கும். அவள் கழுத்துவரை மூடிய கறுப்புச் சட்டையும் கணுக்காலைத் தொடும் அடுக்குப் பாவாடையும் அணிந்திருந்தாள். கையில் லேஸ் வைத்த கறுப்புக் குடை. அவனுக்குக் கறுப்புக் கோட்டு, அதில் சங்கிலி போட்ட கடிகாரம். அந்த வெயிலில்! எந்தச் சவாரிக்கும் அவர்கள் வரிசையில் நிற்கவில்லை. உட்கார்ந்தார்கள், எழுந்து மெதுவாக ஒரு சுற்று நடந்தார்கள், ஒரே ஐஸ்கிரீமை இருவரும் சாப்பிட்டார்கள், மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். இவ்வளவு காசு கொடுத்து உள்ளே வந்து சும்மா இருக்கிறார்களே என்று இவர் வியந்தார். நாங்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

நான் மதுரைச் சுங்குடிச் சேலை கட்டியிருந்தேன். ஐந்து வயதுப் பையன் ஒருவன் என் முன்னால் வந்து நின்று, நான் எந்தக் கதையில் வரும் ராணி என்று கேட்டான். அவன் அம்மா பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். எதிர்ப் பெஞ்சுக்காரி சிரித்துவிட்டாள். தன்னையும் காலையிலிருந்து அப்படித்தான் கேட்கிறார்கள் என்றாள். பிறகு பேச்சு வளர்ந்தது. எத்தனை கெஜம், எத்தனை ஊக்கு, புழுங்காதா என்று அவள் கேட்டாள். அதே கேள்விகளை நானும் அவளிடம் கேட்டேன். பூங்காவுக்குள் நுழையும் பெண் என்ன உடுத்தியிருக்கிறாள் என்பது எப்போதிலிருந்து பூங்காவின் விவகாரம் ஆயிற்று என்ற கேள்வி அன்று ஒட்டிக்கொண்டது. ஊர் திரும்பியதும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கதை ஒரு தேனிலவில் தொடங்குகிறது. 1893இல் ஜார்ஜ் டில்யூ என்பவர் புது மனைவியோடு சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போகிறார். அங்கே ஃபெர்ரிஸ் என்ற பொறியாளர் நிறுத்தியிருந்த 264 அடி உயர ராட்டினத்தைப் பார்த்ததும் அதையே விலைக்குக் கேட்கிறார். கிடைக்கவில்லை. 125 அடியில் சிறியதாக ஒன்று செய்யச் சொல்லிவிட்டு, நியூயார்க்கை ஒட்டிய கோனி ஐலண்ட் கடற்கரையில் நடுகிறார். 1897இல் அதே கடற்கரையில் வேலி அடைத்து, நுழைவுக் கட்டணம் வைத்து ‘ஸ்டீப்பிள்சேஸ்’ பூங்காவைத் திறக்கிறார். தண்டவாளத்தில் ஓடும் மரக்குதிரைகள்தான் அதன் முதன்மை ஈர்ப்பு. ஒரு குதிரையில் இருவர் உட்காரலாம். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரைப் பிடித்துக்கொண்டாக வேண்டும். ஆணும் பெண்ணும் பொது இடத்தில் தொட்டுக்கொள்ள ஒரு சாக்கு என்பதுதான் அந்தக் குதிரையின் வியாபாரம். டில்யூ அதை நன்றாக அறிந்திருந்தார்.

குதிரையிலிருந்து இறங்கினால் வெளியேற ஒரே வழிதான். அது ஒரு மேடைக்குக் கொண்டுபோய் விடும். மேடையில் ஒரு கோமாளி நிற்பான். தரையிலிருந்த துளைகள் வழியாக அழுத்தக் காற்று சீறி எழும். பெண்ணின் பாவாடை மேலே பறக்கும், ஆணின் தொப்பி கழன்று போகும். பாவாடையைப் பிடிக்கிற மனைவிக்கு உதவப் போகும் ஆணை மின்சாரக் குச்சியால் ஒரு தட்டு தட்டுவார்கள். எதிரே வரிசையாக இருக்கைகள், அவற்றில் உட்கார்ந்து சிரிக்கும் கூட்டம். சிரிப்பவர்கள் யார்? சற்று முன் இதே மேடையைக் கடந்து வந்தவர்கள். அவமானப்பட்டவளுக்குக் கிடைக்கும் நஷ்டஈடு, அடுத்தவளைப் பார்த்துச் சிரிக்க ஓர் இருக்கை. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, “எங்க ஹாஸ்டல் ராகிங் மாதிரியே இருக்கு மேடம்” என்றாள். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

அன்றைய பெண்ணுடையை நினைத்துப் பார்த்தால்தான் இந்தக் காற்றின் பொருள் விளங்கும். இறுக்கிக் கட்டிய கோர்செட், தரையைக் கூட்டும் பாவாடை. இதை மாற்ற முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 1851இல் அமீலியா ப்ளூமரும் அவர் தோழிகளும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பாவாடைக்கு உள்ளே தொளதொளப்பான கால்சட்டை போட்டு நடந்தார்கள். ‘மாற்று உடை’ என்று இன்று நாம் சொல்வதற்கு அது ஒரு முன்னோடி. ஊர் சிரித்த சிரிப்பில் சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள். நடக்க வசதியான உடைக்குச் சிரிப்பு. நடக்க முடியாத உடையைப் போட்டுக்கொண்டு வந்தால் அதைக் காற்றடித்துத் தூக்கிவிட்டு அதற்கும் சிரிப்பு.

வந்த பெண்கள் யார் என்பது முக்கியம். கேத்தி பைஸ் 1986இல் எழுதிய ‘சீப் அம்யூஸ்மென்ட்ஸ்’ என்ற நூல், அந்தக் காலத்து நியூயார்க்கின் உழைக்கும் பெண்கள் தம் ஓய்வு நேரத்தை என்ன செய்தார்கள் என்று விரிவாக ஆராய்கிறது. மகன் தன் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கைச்செலவுக்கு வைத்துக்கொள்வான். மகள் சம்பள உறையைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுக்க வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை கோனி ஐலண்டுக்குப் போக வேண்டுமானால் ஓர் ஆண் செலவு செய்ய வேண்டும். இதற்கு ‘ட்ரீட்’ என்றே பெயர். நம் மாணவிகள் பிறந்தநாளுக்குக் கேட்கும் அதே சொல்தான். அங்கே அதற்குப் பதிலாக எதைக் கொடுப்பது, எங்கே நிறுத்துவது என்று பெண்கள் தமக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். சிலர் இதைப் பாலியல் விடுதலை என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு அவ்வளவு எளிதாகக் கொண்டாட வரவில்லை. டிக்கெட் வாங்கியவன் கையில்தான் வீடு திரும்பும் வழியும் இருந்தது.

ஆனால் உடை மட்டும் அவளுடையது. பலர் பிளவுஸ் தைக்கும் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள். துணியும் தையலும் அவர்கள் விரல்நுனியில் இருந்தன. பணக்காரப் பெண்களின் தொப்பியைவிடப் பெரிய தொப்பி, அதைவிட அதிகமான இறகு, கண்ணைப் பறிக்கும் நிறம். நாகரிகக்காரர்கள் முகம் சுளித்தார்கள். 1909 நவம்பரில் நியூயார்க்கின் தையல் தொழிலாளர் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதைத் தொடங்கிவைத்தவர் கிளாரா லெம்லிக் என்ற இளம்பெண். கூட்டத்தில் ஆண் தலைவர்கள் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது எழுந்து யித்திஷ் மொழியில் பேசி, வேலைநிறுத்தத் தீர்மானத்தை முன்மொழிந்தார். அவர் அப்போது பத்திரிகையில் சொன்ன குறைகளில் ஒன்று என்னை நிறுத்தி வைத்தது. தொழிற்சாலையில் தொப்பியை மாட்ட இடமில்லை, அது நசுங்கிப் போகிறது. எல்லாப் பெண்களையும் போல எங்களுக்கும் புதுத் தொப்பி பிடிக்கும், ஏன் பிடிக்கக் கூடாது என்று கேட்டார். ரொட்டிக்கும் கூலிக்கும் நடுவில் ஒரு தொப்பி. அதை அற்பம் என்று தள்ளியவர்களும் உண்டு. நான் தள்ளமாட்டேன். 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் மாண்டார்கள், பெரும்பாலானோர் இளம்பெண்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூங்காவையும் தொழிற்சாலையின் பூட்டிய கதவையும் தனித்தனியாக எழுதுகிற வரலாற்றில் எனக்கு நம்பிக்கை குறைவு.

தொப்பியை நிறுத்த நீளமான ஊசி வேண்டும். டிராம்களில் இடித்த ஆண்களை அந்த ஊசியால் குத்தினார்கள். 1910இல் சிகாகோ நகரசபை 9 அங்குலத்துக்கு மேற்பட்ட தொப்பி ஊசிகளுக்குத் தடை போட்டது. இடிக்கும் கைகளுக்கு அளவு வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்டீப்பிள்சேஸ் 1964இல் மூடியது. அந்த நிலத்தை வாங்கிய ஃப்ரெட் டிரம்ப், பின்னாளில் அதிபரானவரின் தந்தை, 1966இல் கட்டடத்தை இடிப்பதற்கே ஒரு விருந்து வைத்தார். நீச்சலுடை அணிந்த மாடல் பெண்கள் நிற்க, விருந்தினர்கள் கண்ணாடி முகப்பின்மேல் கல்லெறிந்தார்கள். இடிக்கும்போதும் பெண்ணுடல் தேவைப்பட்டிருக்கிறது.

டிஸ்னிலாண்ட் இதற்கு நேரெதிராகத் தன்னைக் காட்டிக்கொண்டது. 1955 ஜூலை 17இல் திறந்த அது குடும்பப் பூங்கா, சுத்தமான பூங்கா. திறப்பு நாளில் புதிதாகப் போட்ட தார் காயவில்லை. வெயிலில் இளகிய தாரில் பெண்களின் குதிகால் செருப்புகள் புதைந்தன. இங்கே பாவாடையைத் தூக்கும் காற்று இல்லை. அதற்குப் பதில் விதிகள். அறுபதுகளில் நீளமுடி வைத்த ஆண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஊழியர்கள் மீசை வைக்க 2000 வரை, தாடி வைக்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘ஜோடி’ என்றால் யார் என்பதற்கும் விதி இருந்தது. 1980இல் சேர்ந்து நடனமாடிய இரண்டு இளைஞர்களை வெளியேற்றினார்கள். அவர்கள் வழக்குப் போட்டு 1984இல் வென்றார்கள். டிஸ்னிலாண்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த நாட்டின் பல கேளிக்கைப் பூங்காக்களில் கறுப்பினக் குழந்தைகள் நுழையவே முடியாத நிலை இருந்தது. மார்ட்டின் லூதர் கிங் 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், தன் சின்ன மகளுக்கு இதை விளக்கத் தெரியாமல் நாக்குத் தடுமாறியதைக் குறிப்பிடுகிறார்.

இன்றும் டிஸ்னி பூங்காக்களில் 14 வயது நிறைந்தவர்கள் பொதுவாக வேடம் போட்டு வரக்கூடாது. ஆனால் வேடத்துக்கும் உடைக்கும் நடுவே எங்கே கோடு? பெண்கள் அந்தக் கோட்டின்மேலேயே நடக்கப் பழகிக்கொண்டார்கள். மஞ்சள் பாவாடை, நீலச் சட்டை, தலையில் சிவப்பு நாடா என்று கடையில் வாங்கிய சாதாரண உடைகளிலேயே ஒரு கதாபாத்திரத்தை நினைவூட்டுவது 2011 முதல் ‘டிஸ்னிபவுண்ட்’ என்ற பெயரில் பரவியது. அதற்கும் முன்பே, 1999இல், லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிக் கோத் மக்கள் ஆண்டுக்கொரு முறை ஒன்றுகூடி இங்கே வரத் தொடங்கினார்கள். ‘பேட்ஸ் டே’ என்று பெயர். கறுப்பு உடையில் நூற்றுக்கணக்கானோர் அந்த வெளிர்நிறக் கோட்டையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எதிர்ப் பெஞ்சுக்காரி தானும் கணவனும் ஆரம்ப ஆண்டுகளிலிருந்தே வருவதாகச் சொன்னாள்.

எழுபதுகளின் இறுதியில் பிரிட்டனின் இசைக்கூட்டங்களிலிருந்து வளர்ந்தது கோத். ஆனால் அந்தக் கறுப்பின் வேர் விக்டோரியா காலத்துத் துக்க உடை. கணவன் இறந்தால் பெண் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கறுப்பில் இருக்க வேண்டும். எந்தத் துணி, எத்தனை மாதம் என்றெல்லாம் கணக்கு. கணவன் மனைவி இழந்தால் அவ்வளவு கெடுபிடி இல்லை. என் பாட்டியின் வெள்ளைச் சேலை நினைவுக்கு வந்தது. ஒரு காலத்தில் பெண்ணின்மேல் சுமத்திய துணியை, உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவனோடு, ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி ஒருத்தி அலங்காரமாக அணிகிறாள். பாட்டியின் வெள்ளையை நம்மால் அப்படி விளையாட்டாக எடுத்து உடுத்த முடியுமா? எனக்கு இன்னும் கை வரவில்லை.

ஜப்பானில் ‘லோலிட்டா’ என்று ஒரு பாணி உண்டு. குடைபோல் விரியும் முழங்கால் நீளப் பாவாடை, ரிப்பன், லேஸ். நபக்கோவின் நாவல் வெளிவந்ததும் டிஸ்னிலாண்ட் திறந்ததும் ஒரே 1955இல்தான். ஆனால் டோக்கியோவின் ஹராஜுகு தெருக்களில் அந்த உடையில் நடக்கும் பெண்கள் நாவலோடு உறவு கொண்டாடுவதில்லை. ஆண் பார்வைக்காக அல்ல, தங்களுக்காக உடுத்துகிறோம் என்கிறார்கள். வளர்ந்த பெண் பொம்மையாவது விடுதலையா என்று கேட்கும் பெண்ணியர்களும் இருக்கிறார்கள். நான் கவனித்தது வேறொன்று. இந்த உடைகளில் ஓட முடியாது. வரிசையில் முண்டியடிக்க முடியாது. மெதுவாகத்தான் நடக்க வேண்டும், அடிக்கடி உட்கார வேண்டும். ஒரு நாளில் எத்தனை சவாரி என்று கணக்குப் பார்க்கும் இடத்தில் அந்த நிதானமே கொஞ்சம் கலகமாகத் தெரிந்தது. ப்ளூமர் நடப்பதற்காக உடையை மாற்றினார். இவர்கள் நிற்பதற்காக மாற்றியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் ஆதரிக்க எனக்குத் தயக்கமில்லை.

ஊரில் எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் இருபதாவது திருமண நாளுக்கு ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவுக்குப் போனோம். பருத்திச் சேலையோடு தண்ணீரில் இறங்கக்கூடாது, நைலான் உடையை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எடுக்கப் போனேன். என் அளவுக்கு இல்லை. “அம்மாவுக்கெல்லாம் எதுக்கு, சார் போய்ட்டு வரட்டும்” என்றான் கவுண்டரில் இருந்த பையன். துணி இயந்திரத்தில் சிக்கினால் உயிர் போகும் என்பது உண்மைதான். இசடோரா டங்கன் 1927இல் அப்படித்தான் போனார், காரின் சக்கரத்தில் கழுத்துத் துணி சுற்றி. அதனால் விதியோடு எனக்குச் சண்டை இல்லை, அந்த அளவோடுதான். அன்று குளத்தைச் சுற்றிலும் என்னைப் போலவே பைகளையும் செருப்புகளையும் காவல் காத்துக்கொண்டு சேலையில் உட்கார்ந்திருந்த பெண்களை எண்ணினேன். முப்பதுக்குமேல் எண்ண முடியவில்லை, இவர் நனைந்து வந்து துண்டு கேட்டுவிட்டார்.

இதை எதிர்ப் பெஞ்சுக்காரியிடம் சொன்னேன். அவள் தன் பாவாடையைத் தட்டிக் காட்டி, இதுவும் நிறைய சவாரிகளின் இருக்கையில் அடங்காது என்றாள். பிறகு எழுந்தவள், கீழ் அடுக்கில் தையல் விட்டிருப்பதைப் பார்த்துக் குனிந்தாள். என் கொசுவத்திலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் கணவன் குடையைப் பிடித்துக்கொள்ள, அவள் நிதானமாகக் குத்திக்கொண்டாள். பொழுது சாயும்வரை என் கொசுவம் கொஞ்சம் தளர்ந்தே இருந்தது. தங்கைதான் இரண்டு முறை கவனித்துச் சொன்னாள்.